ஊருக்குத் திறந்து வைத்தேன்

இனி நகராட்சியில் ரகசியம் என்று எதுவும் இருக்கக் கூடாது என்று ஆணையர் முடிவெடுத்தார். முடிவெடுப்பது அவர் வேலை. செய்து முடிப்பது கணினிப் பிரிவில் இருக்கும் என் வேலை.

ஆகவே ஊரில் உள்ள அத்தனையையும் வலைத்தளத்தில் ஏற்றினேன். தெருவிளக்கு, குப்பைத்தொட்டி, பூங்கா பெஞ்சு, நகராட்சி அரங்கம், மரம். எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதுகூட இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதற்குத் திறந்த தரவு என்று பெயர். ஊருக்கு இத்தனையும் திறந்து வைத்த நான், வீட்டில் வாயை மட்டும் திறப்பதில்லை.

அந்த வேலைக்கு வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மாலையானால் என் மனைவியின் பாட்டுக்குழு எங்கள் கூடத்தில் கூடும். தலைமை, எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்பவர், மாலையில் தன் வாயைத் திறப்பார். ஒருமுறை சுவர்க்கடிகாரம் கீழே விழுந்தது. தற்செயல் என்றார்கள்.

நான் தப்பிக்க வழி கண்டேன். தினமும் சாயங்காலம் மீட்டிங் என்று சொல்லிவிட்டேன். நகராட்சி அரங்கில், ஆணையர் தலைமையில். உண்மையில் பூங்காவில் குளத்தைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்தபடி வாத்துகளைப் பார்ப்பேன். வாத்துகளும் சத்தம் போடும்தான். ஆனால் ஒத்திகை பார்க்காது. அந்த நேரம்தான் எனக்கு உயிர்.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

"ஏங்க, வலைத்தளம் வலைத்தளம்னு சொல்றீங்களே, அதுல என்னதான் இருக்கு?"

"என்ன இல்லைன்னு கேளு!"

"நான் பார்த்தா எனக்குப் புரியுமா?"

"ஆணையருக்கே புரியுது. உனக்குப் புரியாதா?"

அவள் போனை வாங்கி, எங்கே தொட்டால் என்ன வரும் என்று காட்டிக் கொடுத்தேன். என்னைத்தான் காட்டிக் கொடுக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள்.

மனைவி பாராட்டினால் உஷாராகியிருக்க வேண்டும். நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

மறுவாரம் ஒருநாள், பூங்காவிலிருந்து வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பினேன்.

"மீட்டிங் எப்படிங்க போச்சு?"

"அதை ஏன் கேக்கிற! ஆணையர் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். கூட்டம்னா கூட்டம். உட்கார நாற்காலி இல்லாம நின்னுக்கிட்டே இருந்தேன்."

"நகராட்சி ஹால்லயா?"

"பின்ன? எப்பவும் அங்கதானே."

"அடடா."

"என்ன அடடா?"

"அந்த ஹால் தினமும் சாயங்காலம் காலியா இருக்குன்னு உங்க வலைத்தளத்துல பார்த்தேன். யார் கேட்டாலும் தருவாங்கன்னும் போட்டிருந்தீங்க. உடனே கேட்டு வாங்கிட்டோம். திங்கக்கிழமைலேருந்து நாங்க அங்கதான் பாடுறோம்."

சொல்லிக்கொண்டே என் சட்டையில் ஒட்டியிருந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"இன்னிக்கு டாக்டரம்மா கொஞ்சம் சத்தமாவே பாடிட்டாங்க. உங்க மீட்டிங்குக்குத் தொந்தரவா இல்லையே?"

மாட்டிக்கொண்டதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மாலை வேளையில் என் வீடு சத்தமே இல்லாமல் காலியாகக் கிடந்திருக்கிறது. நான் வாத்துகளோடு இருந்திருக்கிறேன்.

"சரி, இனிமே மீட்டிங்கே வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றேன் பெருந்தன்மையாக. "சாயங்காலம் வீட்டுலயே இருக்கேன்."

"வீட்டுல தனியா என்ன பண்ணுவீங்க? ஹால்ல நாற்காலி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. எடுத்துப் போட ஒரு ஆள் வேணும்."

வலைத்தளத்தில் அரங்கப் பகுதியைத் திறந்தால், இப்போது 'நாற்காலி போடுபவர்' என்று புதிதாக ஒரு கட்டம் இருக்கும். அதுவும் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றார் ஆணையர். என் பெயரை நானே ஏற்றினேன்.