மருதாணி வேலியில் நாகராஜா

பொய் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அப்படியே சொன்னாலும் பாம்பை வைத்துச் சொல்லக் கூடாது. பத்தொன்பது வயதில் நான் சொன்ன ஒரு பாம்புப் பொய்யால் என் அக்கா கஸ்தூரியின் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு மருதாணி வேலி. ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்கே எங்கிருந்தோ ஒரு கதிர்க்குருவி அதற்குள் வந்து இறங்கும். (பெயர் நூலகத்துப் புத்தகத்தில் கிடைத்தது.) மண் நிறம், பார்க்க ஒன்றுமில்லை. பார்க்கவும் முடியாது. புதருக்குள் இருந்தபடி ‘ச்சக்... ச்சக்’ என்று சத்தம் மட்டும் கொடுக்கும். வேலை கிடைக்காத எனக்கு அதுதான் வேலை. கல்லின் மேல் குந்தி மணிக்கணக்கில் காத்திருந்து, வால் தெரிந்தால் நோட்டில் எழுதுவேன். (தலை தெரிந்த நாட்கள் குறைவு.)

அந்த வருஷம் குருவி வந்த மூன்றாம் நாள், பட்டாபிராமிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று வீடே பதறிக்கொண்டிருந்தது. காலையில் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரிவாளோடு கொல்லைக்கு வந்தார்.

“இன்னாடா இது, காடு மாதிரி கீது? வர்றவங்க கை கழுவ இங்கதான வருவாங்க? அடியோட வெட்டிட்றேன்.”

குருவிக்காக என்று சொன்னால் அரிவாள் என் பக்கம் திரும்பும்.

“வெட்டாத நைனா! உள்ள நல்ல பாம்பு கீது. நான் பார்த்தேன்.”

சுபகாரியம் நடக்கிற வீட்டில் நல்ல பாம்பை அடிக்க மாட்டார்கள். அரிவாளை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். வைத்தார். போகவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ரங்கம்மாக்காவைக் கூப்பிட்டார். அவர் தெருவையே கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வேலியடியில் ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, கற்பூரம். கிளையில் மஞ்சள் துணி.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ‘ச்சக்’.

“கூப்பிடுது பாரு!” என்று ரங்கம்மாக்கா விழுந்து கும்பிட்டார். பின்னாலேயே எல்லோரும். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வாசலில் வரவேற்க ஒருவர்கூட இல்லை. ஆளைத் தேடிக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பாலைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

“பொண்ணுக்கு நாகதோசம் கீதா? ஜாதகத்துல சொல்லவே இல்லியே?”

கதவோரம் காபித் தட்டோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். நான் தினமும் அந்தக் கல்லின் மேல் எதற்காக உட்காருகிறேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அது பாம்பு இல்லைங்க. குருவி,” என்றேன்.

“புள்ள பயத்துல ஒளறுது,” என்றார் ரங்கம்மாக்கா.

“அப்ப கைய உட்டுக் காட்டச் சொல்லுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

விட்டேன். பொய் என்னுடையதுதான். ஆனாலும் பால் வைத்தாகிவிட்டது, கற்பூரம் காட்டியாகிவிட்டது. இவ்வளவு மரியாதைக்குப் பிறகு நிஜமாகவே ஒன்று வந்து தொலைத்திருந்தால்? கை முழங்கை வரை உள்ளே போனது. ஜில்லென்று, ஈரமாக, ஏதோ என் மணிக்கட்டைச் சுற்றியது.

“ஐயோ, பாம்பு!” என்று அலறிக்கொண்டு நைனாவின் மேல் போய் விழுந்தேன். (மஞ்சள் துணிதான். நனைத்துக் கட்டியிருக்கிறார்கள்.)

கூட்டம் சிதறி ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா, “கெளம்புடா,” என்று மகனின் கையைப் பிடித்தார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அக்கா காபித் தட்டைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலிக்குள் இரண்டு கையையும் விட்டு விலக்கினாள். குருவி விருட்டென்று பறந்து, துணி காயும் கயிற்றில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் ‘ச்சக்’ என்றது. இரண்டு வருஷத்தில் நான் அதை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

“பாம்பும் இல்ல, தோசமும் இல்ல.” அக்கா முட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். “என் தம்பிக்கு மூளதான் இல்ல.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அம்மா, காபி ஆறுது,” என்றார். அவருடைய அம்மா கயிற்றில் இருந்த குருவியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார்.

தையில் கல்யாணம். வேலியை நைனா கடைசி வரை வெட்டவில்லை, ரங்கம்மாக்கா வெட்ட விடவுமில்லை. குருவியைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பால் வைத்தார்.

என் கல்யாணப் பந்தியில், வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே மஞ்சள் குங்குமம் வைத்த முட்டை ஒன்று என் இலையில் வந்து உட்கார்ந்தது. புதுப் பெண்டாட்டி மிரண்டுபோனாள். “ஒண்ணுமில்லம்மா, நாகராஜாவுக்குப் படையல்,” என்றார் அக்கா வீட்டுக்காரர். இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் எனக்கு முட்டை உண்டு. போன மாதம் அக்காவின் பேத்தி ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள்.