முப்பத்தாறு பேரும் வந்தாச்சு

தலைவர் கெங் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மிங் பேரரசரின் பாதாளக் கல்லறையைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வருகிறவர்கள், வெளியே உள்ள கல்வாசலில் உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆண்கள் இடது காலையும் பெண்கள் வலது காலையும் முன்னே வைத்து, "நான் திரும்பி வந்துட்டேன்!" என்று கத்த வேண்டும். இல்லையென்றால் உயிர் கீழேயே தங்கிவிடுமாம். மஞ்சள் கொடியும் கை ஒலிபெருக்கியுமாக நின்ற வழிகாட்டிப் பெண் தாவ் அப்படித்தான் சொன்னாள். ஆளாளுக்குக் கத்திக்கொண்டு வந்தார்கள். கெங், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணையைத் திறந்துவைக்க வந்தவர் போல நடந்து வந்தார்.

உண்மையில் அவர் துணைத் தலைவர்தான். அதிலும் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் அவருடைய நீர்வழங்கல் அலுவலகத்தில் யாரும் 'துணை'யைச் சொல்லி அவர் மனத்தைப் புண்படுத்தியதில்லை. கீழே கல்லறைக்குள் தாவ் சொன்ன வருடங்களை மூன்று இடத்தில் திருத்தினார். அதில் இரண்டு, அவள் சொன்னதுதான் சரி.

"சும்மா ஒரு வார்த்தைதானேங்க," என்றாள் கூடவே வந்த மனைவி யுன்ஷியா.

"நம்ம வீட்டுக்குள்ள வரப்பவே நான் அதைச் சொன்னதில்ல. செத்த ராஜா வாசல்ல சொல்லணுமாக்கும்?"

அது உண்மை. முப்பத்தேழு வருடமாக அவர் கதவைத் திறப்பார், கனைப்பார், செருப்பை மாற்றுவார். புதுசில் ஒருநாள் யுன்ஷியா கேட்டாள், "வந்துட்டேன்னு ஒரு குரல் குடுத்தா என்ன?" என்று. "சாவி போட்டுத் திறக்கிறவன் திருடனா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

"முப்பத்தாறு! எல்லாரும் வந்தாச்சு, பஸ்ஸுக்குப் போலாம்!" என்றாள் தாவ்.

"எங்கம்மா எல்லாரும் வந்தாங்க?" என்று ஒரு குரல் தடுத்தது. சம்பந்தி ஆகவிருக்கும் ஃபான் அம்மாள். "சம்பந்தி கத்தவே இல்லியே!"

கெங் சிரித்தார். "உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"உடம்பு நிக்குது. உசிரு? இன்னிக்கு சாயங்காலம் பேச்சு முடிக்கிற விருந்து. பாதி ஆளா வந்து உக்காருவீங்களா? என் பொண்ணை அந்த மாதிரி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

கெங்கின் சிரிப்பு வற்றியது. மகனுக்கு முப்பத்து நான்கு வயது. ஏழு பெண் பார்த்து, எட்டாவதாக அமைந்த இடம்.

"சரி, இங்கயே சொல்லிடறேன்."

"கீழேர்ந்து ஏறி வந்து சொன்னாத்தான் செல்லும்," என்றார் ஃபான் அம்மாள், சட்டம் எழுதியவரைப் போல.

நுழைவாயில் காவலாளியிடம் கெஞ்சி, கெங் மறுபடி இறங்கினார். கீழே பேரரசரின் சிவப்புச் சவப்பெட்டியை ஒரு முறை முறைத்துவிட்டு, அத்தனை படியும் மூச்சிரைக்க ஏறி வந்து, வாசலில் கோப்புக்குக் கையெழுத்துப் போடும் குரலில், "வந்தாச்சு," என்றார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று ஃபான் அம்மாள் யுன்ஷியாவைக் கேட்டார்.

யுன்ஷியா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே!"

"அதோட வலது காலை வச்சாரு. அது பொம்பளைங்க காலு," என்றார் ஃபான் அம்மாள்.

மூன்றாம் முறை ஏறி வந்தபோது தென் சீனத்துச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று நடுவில் புகுந்து கத்தியது. அவர்களோடு கெங்கும் கத்தினார். கத்திய குற்றத்துக்கு அந்தக் கூட்டத்தின் வழிகாட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "முப்பத்தெட்டு! ஏறுங்க தாத்தா, பஸ் கிளம்புது!"

"நான் உங்க ஆளு இல்லப்பா! நான் தலைவர் கெங்!"

"எல்லாத் தலைவரும் உள்ள ஏறுங்க!"

அந்த பஸ்ஸிலிருந்து அவரைப் பிடுங்கி இறக்கக் கால் மணி நேரமானது. தொப்பி திரும்பி வரவில்லை.

"கூட்டத்துல கத்தினது கணக்கில்ல," என்றார் ஃபான் அம்மாள்.

"அந்த ஒலிபெருக்கியக் குடேன்மா," என்று தாவிடம் மெல்லச் சொன்னாள் யுன்ஷியா. "பாவம், எத்தனை தரம் ஏறுவாரு?"

நான்காம் முறை. இடது காலை எடுத்து வைத்து, ஒலிபெருக்கியை வாயருகே பிடித்து, தலைவர் கெங் அடிவயிற்றிலிருந்து கூவினார்:

"நான் திரும்பி வந்துட்டேன்!"

மரங்களிலிருந்து காக்கைகள் எழும்பின. பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். "இப்பத்தான் முழு மனுஷன்!" என்று ஃபான் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யுன்ஷியா வேறு பக்கம் திரும்பி, காற்றில் தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நகர்ந்ததும் கெங்குக்குப் பழைய குரல் திரும்பியது. "ஏம்மா தாவ், இந்த மூடநம்பிக்கை எந்த நூல்ல இருக்கு?"

"நூலா? அதெல்லாம் இல்லீங்க ஐயா," என்று தாவ் குரலைத் தாழ்த்தினாள். "இந்த நெரிசல்ல தலையை எண்ண முடியாது. கத்தவிட்டா குரலை எண்ணிடலாம். அதுக்குத்தான்."

கெங் நெற்றியைச் சுருக்கினார். தப்புக் கண்டுபிடித்த சந்தோஷம் முகத்தில் வந்தது.

"அப்ப நான் கத்தாதப்போ முப்பத்தஞ்சுதானே வந்திருக்கணும்? நீ எப்படி முப்பத்தாறுன்னு சொன்னே?"

"முப்பத்தாறு குரல் வந்துச்சே ஐயா! உங்க வீட்டம்மாதான் உங்களுக்கும் சேர்த்து ரெண்டு தடவை கத்தினாங்க. அப்புறம், 'வெளிய சொல்லிடாதடி, அவரு வாயால நான் ஒரு தடவையாவது கேக்கணும்'னு என் கையைக் கிள்ளிட்டாங்க."