பாண்டாவை மடியில் வைத்துக் கொஞ்சாதவன் எழுதுவது

காவல் குடில்,
மின்ஷான் மலை, சிச்சுவான்.

'மூங்கில் குருத்து' சிறுவர் இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் கூரை ஒழுகாத இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே கூரை ஒழுகுகிறது, மற்றபடி சௌக்கியம். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வசந்தகால இதழில் 'பாண்டா மாமாக்கள்' என்றொரு கட்டுரை போட்டிருந்தீர்கள். இஸ்திரி போட்ட சீருடையில் ஒரு வனக்காவலர், மடியில் பாண்டா, கையில் பால் புட்டி. ஐயா, அதெல்லாம் பண்ணையில், வேலிக்குள் நடப்பது. காட்டுப் பாண்டாவை நாங்கள் கொஞ்சுவதில்லை; பார்ப்பதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு பாண்டாவை, அதுவும் அதன் பின்பக்கத்தை, அதுவும் அது புதருக்குள் போய் மறைகிற நேரத்தில். எங்கள் வேலை, விட்டை பொறுக்குவது. குழந்தைகளிடம் இதைச் சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்? அவர்களுக்கு விட்டை என்றால் பிடிக்கும். பாண்டா மூங்கிலை அரைகுறையாகத்தான் மெல்லும்; விட்டையில் துண்டு துண்டாக அப்படியே கிடக்கும். ஒவ்வொரு பாண்டாவின் கடியும் ஒரு நீளம். அதை அளவுகோல் வைத்து அளந்து, இந்தப் பக்கம் போனது யார் என்று கண்டுபிடிக்கிறோம். இதைச் செய்துகொண்டே கம்பிச் சுருக்குகளை அறுக்கிறோம், மூங்கிலை மேய வரும் குதிரைகளை விரட்டுகிறோம், குதிரைக்காரர்களிடம் திட்டு வாங்குகிறோம், அட்டைகளுக்கு ரத்தம் கொடுக்கிறோம். இதில் எதற்கும் பால் புட்டி தேவைப்படுவதில்லை.

அந்தக் கட்டுரையோடு விட்டீர்களா? போன மாதம் ஃபாங் யிங் என்ற புகைப்படக்காரப் பெண்ணை அனுப்பி வைத்தீர்கள். வந்து இறங்கியதும் எங்கள் மூத்த காவலர் பூ அண்ணனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, பாண்டாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வர்றீங்களா? வெளிச்சம் நல்லா இருக்கு."

"அது தூங்குது தங்கச்சி. எழுப்பினா ஒரே அறை, வெளிச்சம் போயிரும், எனக்கு."

சரி, வந்தவரை மலைக்குக் கூட்டிப்போனோம். போகிற வழியில் படம் அழகாக வரவில்லை என்று எங்கள் பைகளைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினார். எங்கள் சமையல்காரர் தாவ் அக்கா மதியத்துக்கு, காட்டுக்கீரையும் காட்டு மிளகும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்த சோளமாவு உருண்டை கொடுத்துவிட்டிருந்தார். அதுவும் பச்சை, விட்டையும் பச்சை, இரண்டும் கையடக்கம், இரண்டும் ஒரே மாதிரிப் பையில். மூடுபனியில் உட்கார்ந்து பூ அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார். "என்னடா இது, தாவ் இன்னைக்குக் கீரைக்குப் பதிலா மூங்கிலை அரிஞ்சு போட்டுட்டாளா?" என்றார். நான் பையைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஃபாங் யிங் படம் எடுத்தார். அந்தப் படம் உங்களிடம் இருக்கும். அதைப் போடுங்கள், ஆட்சேபணை இல்லை, உண்மையான ஒரே படம் அதுதான்.

நாங்கள் பார்ப்பதற்குள், உருண்டை இருந்த இன்னொரு பை, விட்டை என்ற பெயரில் ஆய்வுக்கூடத்துக்கு, தலைமை அலுவலகத்துச் சுமைக்காரரோடு கீழே போய்விட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. "உங்க பாண்டா பன்றிக் கொழுப்பும் காட்டு மிளகும் தின்னுக்கிட்டு இருக்கு. யாருய்யா அதுக்குச் சமைச்சுப் போடுறது?" தாவ் அக்கா போனைப் பிடுங்கி, "உப்பு சரியா இருந்துச்சான்னு முதல்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். இப்போது காட்டில் யாரோ பாண்டாவுக்கு விருந்து வைக்கிறார்கள் என்று விசாரணை நடக்கிறது.

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. அதே நாள் திரும்பும்போது ஓடைக்கரையில் ஒரு தேவதாரு மரப் பொந்திலிருந்து குட்டி கத்தும் சத்தம் கேட்டது. நீளக்கடி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிற தாய் அங்கே ஈன்றிருக்கிறாள். நாங்களே அந்த மரத்தின் பக்கம் போவதில்லை, ரேடியோவில் அந்த இடத்தின் பெயரைச் சொல்வதும் இல்லை. உங்கள் ஆள் பாதையை விட்டு இறங்கி ஓடினார், விளக்கு மின்ன மின்னப் படம் எடுத்தார். பூ அண்ணன் அவரை முதுகுப்பையோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

"விடுங்க அண்ணா, குழந்தைங்களுக்காகத்தானே எடுக்குறேன்!"

"அவளும் ஒரு குழந்தைக்காகத்தாம்மா உள்ள உக்காந்திருக்கா."

அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் அந்தப் படத்தை, ஓடையின் பெயரோடும் வழியோடும், 'குடும்பத்தோடு ஒரு ஞாயிறு' என்று போடப்போகிறீர்களாம். போட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஆட்கள் வருவார்கள். தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மழையில் வேறு பொந்து தேடி அலைவாள். குட்டி உங்கள் கையளவுதான், சரியாக மயிர்கூட முளைக்கவில்லை. குளிர் தாங்காது, செத்துப்போகும். நாங்கள் சுருக்கு அறுத்ததும் அட்டைக்கு ரத்தம் கொடுத்ததும் அந்த ஒரு குட்டிக்காகத்தான்.

சுருக்கு என்றதும் இன்னொன்று. கஸ்தூரி மானுக்குச் சுருக்கு வைப்பவன் என் பெரியப்பா மகன். பாண்டாவின் காலும் அதில்தான் மாட்டும். அவனைப் பிடித்துக் கொடுத்தது நான். அன்றிலிருந்து பெரியம்மா வீட்டில் எனக்குச் சோறில்லை. கஸ்தூரியை வாங்கியவன் உங்கள் நகரத்தில் காரில் போகிறான். அவனை யாரும் பிடிக்கவில்லை. மகளுக்கு உங்கள் இதழுக்குச் சந்தாவும் கட்டியிருப்பான். அந்தப் பெண் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு ஏன் பொய் சொல்கிறீர்கள் என்றுதான் கோபம்.

எனவே அந்தப் படத்தையும் ஓடையின் பெயரையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் இந்த வாரம் பொறுக்கியது அத்தனையும் உங்கள் மேசைக்கு வரும், இந்தத் தடவை பை மாறாது.

தங்கள் இதழ் வளரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கட்டும். ஃபாங் யிங்கின் அட்டைக்கடி ஆறியிருக்கும் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
வனக்காவலன் மூ சாங்யுன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், கழிப்பறைக்குப் போன தாவ் அக்கா பின்பக்கமாகவே நடந்து வந்தார். "என்னக்கா, பாம்பா?" என்றேன். "வாயை மூடுறா. நம்ம கக்கூசுக்குப் பின்னாடி பாறைப் பொந்துல அவ இருக்கா." அங்கே கிடந்த விட்டையை அளந்து பார்த்தோம், நீளக்கடியேதான். குட்டி நன்றாகக் கத்துகிறது. மலை முழுக்க நாங்கள் நடக்கிறோம், எங்கள் கழிப்பறைக்குப் பின்பக்கம் மட்டும் யாரும் போவதில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். ஓடையின் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். எல்லோரும் அங்கேயே போய், காலி மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஃபாங் யிங் எடுத்த எங்கள் குடிலின் படத்தை மட்டும் கிழித்துப்போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இங்கே இப்போது யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தாளிப்பு நின்றுவிட்டது. ஒதுங்குவதற்கு அடுத்த சரிவு வரை நடக்கிறோம். குறட்டை விடுகிறார் என்று பூ அண்ணனைத் தாவ் அக்கா ஜீப்பில் படுக்க வைத்துவிட்டார்.