மாமனார் முகத்து வெளிச்சம்

மாமனார் கையிலிருந்து லைட் மீட்டர் நழுவித் தரையில் விழுந்தது. கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்த படக்காரர், சிதறிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"கை நடுங்குது மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

இருபத்தாறு வருட மீட்டர். அதற்காகத் துக்கப்பட நேரமில்லை. டாக்டர் மாமனாருக்குக் கொடுத்த கெடு பத்து நாள். அதற்குள் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். அந்தச் சுவரில் ஏற்கெனவே மாமியாரும் பெரிய மாமனாரும் இருந்தார்கள். இரண்டும் படக்காரர் ஃபிலிமில் எடுத்தவை. அந்த வீட்டில் அவருக்கிருந்த மரியாதை முழுவதும் அந்த இரண்டு ஆணிகளில்தான் தொங்கியது.

அறை குறுகல். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவே போய் நின்றால் அவர் நிழலே மாமனார் முகத்தில் விழும். அதனால் மாமனாரே மீட்டரைத் தாடையருகே பிடித்துப் பொத்தானை அழுத்துவார். முகத்தில் விழும் வெளிச்சத்தை அதன் வெள்ளைக் குமிழ் அளக்கும். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அதை வாங்கி வந்து நீட்டுவார். அதுவரை படக்காரர் துணிக்குள் குனிந்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடையில் பழைய மீட்டர் ஒன்று கிடைத்தது. கடை வாசலில் ஒழுங்காக இருந்த முள், மாமனார் தாடையருகே பொழுது சாய்ந்துவிட்டது என்றது. கண் ஏமாற்றும், மீட்டர் ஏமாற்றாது என்று தொழில் பழகியவர் அவர். முள்ளை நம்பி லென்ஸை நிறையத் திறந்தார். வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன படத்தில் மாமனாருக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை.

"அப்பா இப்பவே ஆவியாயிட்டாரா?" என்றாள் மனைவி. ஃபோனில் எடுத்துத் தொலைக்கச் சொன்னாள்.

"உங்கம்மாவை ஃபோன்லயா எடுத்தேன்?"

அடுத்தது எண் காட்டும் புது மீட்டர். அது இன்னும் இருட்டு என்றது. ஜன்னல் கண்ணாடியைக் கழுவினார். திரைச்சீலையைக் கழற்றினார். எதிர்ச் சுவரில் வெள்ளைப் போர்வை கட்டினார். அறை பளபளத்தது, எண் இறங்கியது. கண் டாக்டரிடம் போனார். கண்ணில் குறையில்லை. வெளிச்சம் ஜன்னலில் குறையவில்லை, மாமனாருக்குள் குறைகிறதோ என்று நினைத்தவர், இரண்டு மீட்டரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் தன் சொந்த மீட்டரை எடுத்து, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே அளவு காட்டின.

"மீட்டர் எல்லாம் சரியா இருக்கு. உங்க மாமனாரைத்தான் மாத்தணும்," என்றார்.

பத்து நாள் கெடு நாற்பது நாளாகியிருந்தது. மாமனார் இரண்டு வேளை சாப்பிட்டார். அடுத்த மீட்டர் எப்போது வரும் என்று அக்கறையாக விசாரித்தார். மச்சான்தான் பொறுமை இழந்தார். நாளைக் காலையில் ஸ்டூடியோ ஆள் வருவார், ஐந்து நிமிட வேலை, மாப்பிள்ளை சிரமப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் படக்காரர் கடைக்காரரின் மீட்டரையும் இரவல் வாங்கி மாமனாரிடம் கொடுத்துப் பார்த்தார். அது நடுராத்திரி என்றது. படக்காரர் கேமராவை மடித்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது ஆணி அவருடையதில்லை.

நர்ஸ் பின்னாலேயே வந்தார்.

"ஸ்டூடியோ ஆளை வேண்டாம்னு சொல்லிடுங்க சார். காலையிலேருந்து தாத்தா ஒரு வாய் சாப்பிடல."

"ஏன்?"

"அந்த ஸ்டூடியோ ஆள்கிட்ட மீட்டர் கிடையாதாமே."

"அதனால என்னம்மா?"

நர்ஸ் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"குமிழைக் கட்டைவிரலால மூடிக்கிட்டுத்தான் அழுத்துறார் சார், நீங்க எடுத்து முடிச்ச ரெண்டு பேருமே அந்த வாரம் தாண்டலையாம்."