ஊடுபார்வை வழக்கு

லியோ பிரபு அந்த ஞாயிற்றுக்கிழமையும் முதல் ஆளாகச் செத்துப்போனார்.

செல்போனில்தான். ஐம்பது பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளி, கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயிக்கிற ஆட்டம் அது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆட்கள் ஐம்பது பேர் குழு சேர்ந்து, ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு ஆடுவார்கள். லியோ பிரபுவின் கால் இன்னும் தரையில் படவில்லை. அதற்குள் எங்கிருந்தோ ஒரு குண்டு.

"செத்துட்டீங்களா? அப்படின்னா கடைக்குப் போயி பால் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி சுகன்யா மேரி.

அவருக்கு வந்த கோபம் குண்டின் மேல் இல்லை. 'ஊடுபார்வை' மேல். போன வாரம்தான் அந்த மென்பொருளை வாங்கிப் போனில் ஏற்றியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறவனை அது சிவப்பாகக் காட்டிக் கொடுக்கும். துப்பாக்கியையும் தானே குறி பார்த்துத் திருப்பும். ஆட்டத்தின் விதிப்படி சுத்தமான திருட்டு வேலை.

லியோ பிரபு திருட்டு வேலைக்குப் போகிற ஆளே இல்லை. அரியலூரில் சிமென்ட் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் பதினைந்து வருஷமாக வேலை. டிரைவர் வண்டியில் உட்கார்ந்திருந்தால் இறக்கிவிட்டுத்தான் எடை போடுவார். அப்படிப்பட்டவரைக் கெடுத்தது மச்சான் செபஸ்டின்.

செபஸ்டின், சுகன்யாவின் தம்பி. வரதராஜன்பேட்டையில் வாத்தியார். அவனும் அதே ஆட்டத்தில் உண்டு. ஆட்டத்தில் நடப்பதை விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பான். போன வாரம் ஒரு ஞானஸ்நான விருந்தில், பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாமாவுக்கு மொதல்ல பிரியாணி வைங்கப்பா. அவருக்கு ஆயுசு கம்மி" என்றான். பங்குச் சாமியார்கூடச் சிரித்துவிட்டார். மறுநாளே லியோ பிரபு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்.

'ஊடுபார்வை சொல்யூஷன்ஸ்' ஒரு மாடிக் கடை. ஓனர் பாலாஜி பில் போட்டு, சீல் குத்தி, ஒரு வருஷ கேரண்டியும் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை அந்த பில்லோடு லியோ பிரபு மறுபடியும் மாடி ஏறினார்.

"வேலை செய்யலீங்களே."

பாலாஜி போனை வாங்கிப் பார்த்தார். "அப்டேட் போடலீங்க சார். போட்டுட்டா பட்டையக் கெளப்பும்."

அடுத்த ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் லியோ பிரபு போன் போட்டார்.

"என்ன சார், தெரிஞ்சாங்களா?"

"தெரிஞ்சாங்க. நல்லாவே தெரிஞ்சாங்க. நாப்பத்தொம்போது பேரும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஒரு வூட்டுக்குள்ள போயி, கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டேன். செவுத்தத் தாண்டி வந்து சுட்டாங்க."

"அப்ப சாப்ட்வேர் கரெக்டாத்தான சார் வேலை செஞ்சிருக்கு?"

அந்தக் கேள்விதான் லியோ பிரபுவை வக்கீல் குருமூர்த்தியிடம் கொண்டுபோய் விட்டது. குருமூர்த்தி முப்பது வருஷமாக வரப்புத் தகராறு மட்டுமே பார்த்தவர்.

"செவுரு யாரு பேர்ல இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

"யாரு பேர்லயும் இல்லீங்க சார். கேம்ல இருக்கு."

"பொறம்போக்கா?"

விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரமானது. கடைசியில் குருமூர்த்தி மேசையைத் தட்டினார். "பில் இருக்கு, கேரண்டி இருக்கு. நுகர்வோர் கோர்ட்ல போட்டுத் தாக்கிடலாம்." அங்கேயே எழுதி வாசித்தும் காட்டினார். "பிறரை ஏமாற்றும் நல்ல நோக்கத்துடன் எனது கட்சிக்காரர் வாங்கிய மேற்படி மென்பொருளானது, பிறர் எவரையும் ஏமாற்றாமல் எனது கட்சிக்காரரையே ஏமாற்றிவிட்டது."

லியோ பிரபு நெளிந்தார். "சார், இதுல நான் ஏமாத்துறவன்னு வருதே?"

"வருதா? சரி, அத எடுத்துடுவோம்."

எடுத்துவிட்டார். வினை அங்கேதான் பிடித்தது. அந்த வரி போனபின் மனுவில் மிஞ்சியது, மோசடி மென்பொருள் ஒன்று ஊரில் விற்கிறது, லியோ பிரபு அதை எதிர்க்கிறார் என்பது மட்டும்தான். கோர்ட் வாசலில் செய்தி தேடிக்கொண்டிருந்த ஒரு நிருபர் கண்ணில் அது பட்டது. மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்துவிட்டது: 'ஆன்லைன் விளையாட்டில் மோசடி மென்பொருள்: எதிர்த்துக் களமிறங்கினார் அரியலூர் இளைஞர்.'

நாற்பத்திரண்டு வயது லியோ பிரபுவுக்கு 'இளைஞர்' என்ற வார்த்தையைப் பார்த்து மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பிறகுதான் 'எதிர்த்து' என்ற வார்த்தை கண்ணில் பட்டது.

ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவர் பெயரைச் சொன்னார். எடைமேடை முதலாளி கூப்பிட்டுக் கை குலுக்கினார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, "அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே" என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேல், செபஸ்டின் ஒரு சால்வையோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, இத்தன நாளும் நேர்மையா ஆடித்தான் தோத்திருக்கீங்க. அது தெரியாம நான் எளக்காரமாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லிக்கொண்டே சால்வையைப் போர்த்திவிட்டான். பதினாறு வருஷத்தில் மச்சான் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தாள். சால்வை லியோ பிரபுவுக்கு நெருப்பாகச் சுட்டது. கழற்றவும் மனசு வரவில்லை.

மறுநாள் வக்கீலிடம் ஓடினார். "சார், வாபஸ் வாங்கிடுவோம்."

"இப்பவா? எதிராளிகிட்ட காசு வாங்கிட்டாருன்னு ஊரே பேசும், பரவால்லியா?"

சரி, பாலாஜியிடமே சமாதானம் பேசலாம் என்று பெரம்பலூர் போனார். பாலாஜி ஒத்துக்கொள்ளவே இல்லை.

"சாரி சார். என் சரக்கு மோசம்னு பேப்பர்ல வந்துடுச்சு. நல்ல சரக்குன்னு கோர்ட்லயே நிரூபிச்சுட்டுத்தான் மறு வேலை. தொழில்ல ஒரு நாணயம் வேணும் பாருங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், போனிலிருந்து ஊடுபார்வையை அழித்துவிட்டார். மனசு லேசானது. அது பஸ் குன்னம் ஊரைத் தாண்டும்வரைதான். வக்கீல் போனில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தினார்.

"அழிச்சுட்டீங்களா? கேஸுக்கு இருந்த ஒரே சாட்சி அதான்யா! அது மட்டுமில்ல. அந்த விளையாட்டு கம்பெனியே சென்னையிலேருந்து வக்கீல அனுப்புது. உங்களோட சேந்து கேஸ் நடத்தப்போறாங்களாம். உங்க போனை ஆய்வுக்கு அனுப்பணும்ங்கறாங்க. அழிச்சது, அழிக்காதது எல்லாம் கெடைச்சுடுமாம். எப்ப வாங்குனது, எத்தன தடவ ஓட்டுனது, அத்தனையும்."

விசாரணை நாளன்று ஹால் நிரம்பி வழிந்தது. ஞாயிறு ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாலை, சால்வை, ஒருவர் கையில் பூங்கொத்து. முதல் வரிசையில் செபஸ்டின். கம்பெனி வக்கீல் ஒரு வெள்ளைக்காரத்தனமான வாசனையோடு லியோ பிரபுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க கம்பெனி உங்கள மாதிரி ஒருத்தரத்தான் சார் தேடிக்கிட்டிருந்துச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எதிர்த் தரப்பில் பாலாஜி வரவில்லை. கடையில் பில் போடும் ஜெயசித்ரா என்ற பெண்ணைக் கையில் ஒரு கணக்கு நோட்டோடு அனுப்பியிருந்தார். அவள் உள்ளே வந்ததும் ஹாலில் பேச்சு சட்டென்று அடங்கியது. செபஸ்டின் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

நுகர்வோர் கோர்ட் தலைவர் மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "இதுல ஒண்ணு வெளங்கல. மனுதாரர் இந்த மென்பொருள எதுக்காக வாங்குனாரு?"

குருமூர்த்தி தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் லியோ பிரபு எழுந்துவிட்டார். இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இனி பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை.

"ஐயா, நானும் ஏமாத்தத்தாங்கய்யா வாங்குனேன். என் மச்சான ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு ஆச. வேலை செய்யலன்னுதான் கேஸ் போட்டேன். மத்ததெல்லாம் தானா நடந்துபோச்சுங்க."

கம்பெனி வக்கீல் பிடித்திருந்த கையை விட்டார். நாற்காலியையும் ஓரடி நகர்த்திக்கொண்டார்.

இனி பின்னாலிருந்து செருப்பு பறக்கும் என்று லியோ பிரபு காத்திருந்தார். ஒன்றும் பறக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொத்துக்காரர் பூவை எண்ணிக்கொண்டிருந்தார். அவமானத்தில் லியோ பிரபுவுக்குக் கண் கலங்கியது. முகத்தில் காறித் துப்பக்கூடத் தகுதியில்லாமல் போய்விட்டோமே என்று நினைத்தார்.

தலைவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. மென்பொருள்ல ஏதாவது கொற இருந்துச்சா?"

ஜெயசித்ரா எழுந்தாள். பின்னாலிருந்த வரிசைகளை ஒரு முறை பார்த்து, தெரிந்தவர்களுக்குச் செய்வதுபோல மரியாதையாகத் தலையசைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஒரு கொறையும் இல்லீங்கய்யா. பின்னாடி சால்வையும் மாலையுமா உக்காந்திருக்காங்களே, அத்தன பேரும் எங்க கஸ்டமருங்கதான். எல்லாருக்கும் செவுத்துக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சா, யாருதாங்கய்யா ஒளிய முடியும்?"