எட்டு வீட்டு எச்சில்

மாடிப்படித் திருப்பத்தில், தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவரில், சிவப்பாக ஒரு வெற்றிலைக் கறை. அதன் எதிரே கிச்சா கையில் அடிக்கோலுடன் குனிந்து நின்றார்.

"பன்னெண்டு சென்டிமீட்டர். போன வாரத்ததை விட ரெண்டு ஜாஸ்தி."

"அளந்துட்டா போயிடுமா?" என்றார் சுவாமிநாதன். எட்டு வீடுகள் கொண்ட அந்த மந்தைவெளி அடுக்ககச் சங்கத்துக்கு அவர் தலைவர், கிச்சா செயலாளர். "வேலுவை அனுப்பிச்சுடும். இங்க வெத்தலை போடறது அந்த வாட்ச்மேன் ஒருத்தன்தான்."

"அவன் துப்பினதைப் பாத்தீரா?"

"பாக்கணுமா என்ன?"

கிச்சாவுக்கு அது பிடிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூட்டிய வீடு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் மூன்று தடவை நேரில் போய்க் கதவைத் தட்டிவிட்டுத்தான் அப்படி எழுதுவார்.

கறைக்கு அவர் ஏற்கெனவே இரண்டு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். 'இங்கே துப்பாதீர்' என்று பலகை மாட்டினார். பலகையின் மேலேயே துப்பியிருந்தது. பிறகு சாமி படம் போட்ட டைல்ஸ் நாலு பதித்தார். இரண்டாவது மாடி மாமி அதற்குத் தினமும் கற்பூரம் காட்ட ஆரம்பித்தாள். சுவர் கரியானது. கறை நாலடி தள்ளி மறுபடி வந்தது.

வேலுவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான் போயி அப்டி செய்வனா சார்?" என்றான் வேலு, வாயைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டே.

"மாசக் கடைசி வரைக்கும் டயம் தரேன்," என்றார் சுவாமிநாதன். "துப்பினது வேற ஆள்னு தெரியலைன்னா நீ கிளம்பு."

வேலுவின் முகம் சிறுத்துவிட்டது. காரணம் இருந்தது. மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையைப் பொங்கலுக்கு அவன் குடும்பத்துக்குத் தருவதாகச் சங்கத்தில் முடிவாகியிருந்தது. அவர்கள் இருந்த கால்வாய் ஓரக் குடிசைகளை ஊருக்கு வெளியே எங்கேயோ மாற்றப் போவதாகப் பேச்சு. அறை கிடைத்தால் மகள் நிஷா இதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். வேலை போனால் அறையும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு.

ஆளைப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு என்பது கிச்சாவுக்கு அன்று மத்தியானம் தோன்றியது. உண்மையில் ஒரு வருஷமாகத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவருடைய டி.என்.ஏ.வையும் அரசாங்கம் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். ஒன்று வெளிவந்தது. நாலு வரியாக.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் கூட்டம். வடாம் காயும் துணிக்கு இந்தப் பக்கம் எட்டு நாற்காலி.

"குழந்தைக்கு மொதல் ஊசி போடறச்சேயே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெச்சுண்டுட்டா, ஆயுசுக்கும் கவலையில்லை," என்று கிச்சா ஆரம்பித்தார். "திருடன் ஒரு தலைமுடியை விட்டுட்டுப் போனாப் போதும். ஆள் அகப்பட்டான். நம்ம பில்டிங்கை ஒரு சின்ன தேசமா நெனச்சுக்கோங்கோ."

"அதையெல்லாம் யார் மாமா ஒழுங்கா எழுதி வெச்சுப்பா?" என்றாள் ஆறாம் எண் வீட்டு வக்கீல் சூடாமணி. "நம்ம பில்டிங் ரிஜிஸ்தர்ல எங்காத்துக்காரர் 'பெண், வயது நான்கு'ன்னு இருக்கார்."

"அது எழுதறச்சே வரி மாறிப்போச்சு."

"எழுதினது நீங்க."

"அதைத்தானேம்மா சொல்றேன். மனுஷாளுக்குத் தப்பு வரும். மெஷினுக்கு வராது. தப்பு பண்ணாதவாளுக்கு இதுல என்ன பயம்?"

"நீங்க தாப்பாள் போட்டுண்டு குளிக்கறேளே, உள்ள என்ன தப்பு பண்றேள்?"

வடாத்துக்குக் காவல் இருந்த மாமிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் சுவாமிநாதனுக்குத் திட்டம் பிடித்துப்போயிற்று. வேலுதான் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. தீர்மானம் நிறைவேறியது. முதல் கட்டமாக வீட்டுக்கு ஒருவர், குடும்பத் தலைவர்.

சோதனை செய்யப்போகிறவன் கிச்சாவின் தங்கை பிள்ளை சாய்சரண். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். சோதனை செய்து பழகுவதற்கு அவனுக்கும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பேரைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும் என்றான். எட்டு வீடு, வேலு, சுவரில் உள்ள கறை. கச்சிதமாகப் பத்து. கிச்சா இதையே ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சமையலறையில் செண்பகம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலுவின் மனைவி. எட்டு வீட்டுக்கும் அவள்தான் வேலை செய்தாள். கிச்சா பெயர் எழுதிய எட்டுக் கவர்களோடு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். புரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இன்னொருவருக்குச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"கன்னத்துக்கு உள்பக்கம் தோல் உதிர்ந்துண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எச்சிலோட கலந்து வரும். அந்தத் தோலோட ஒவ்வொரு துணுக்குலயும் ஒரு நீள நூல் இருக்கு. நாம யாருங்கறது பூரா அதுலதான் எழுதியிருக்கு. அதுல சில எடத்துல, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். எனக்கு ஒரு எடத்துல பதினோரு தடவை. உனக்கு அதே எடத்துல பதினாலா இருக்கலாம். அந்த மாதிரி நாலஞ்சு எடத்தை எண்ணிப் பாத்தா, ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்."

செண்பகம் கை நிற்காமல் கேட்டாள். "அப்ப செவுத்துல துப்புனது யாருன்னும் சொல்லிடுமா?"

"அடிச்சுச் சொல்லும்."

"கவரு மேல பேரு எய்திக்கீதே, அத்தப் பாத்து சொல்லுமா? இல்ல உள்ள கீற பஞ்சப் பாத்தா?"

கிச்சாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. மொட்டை மாடியில் ஒருத்தர்கூட இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. "பேரு ஊரு எதுவும் மெஷினுக்குத் தெரியாது. பஞ்சுல யாரோட எச்சில் இருக்கோ, அவாதான்."

"மெசினு நல்லதுதான் சார்," என்றாள் செண்பகம். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குக் கவரு இல்லியா?" என்றாள்.

"நீ இங்க குடியிருக்கலையேம்மா. லிஸ்ட்ல வர மாட்டே."

சுவரிலிருந்து கறையைப் பஞ்சில் ஒற்றி எடுக்க வேண்டும். கிச்சா பஞ்சை நனைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கறைக்கு ஓரடி முன்னால் கை நின்றுவிட்டது. தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தே அறுபது வருஷம் கழித்தவர். கட்டின மனைவியின் எச்சில் தம்ளரைக்கூடத் தொட்டதில்லை. ஊர் பேர் தெரியாத எச்சிலை எப்படித் தொடுவது? விஞ்ஞானம் வேறு, இது வேறு.

"செண்பகம், நீயே இதை நன்னா அழுத்தித் தேய்ச்சு எடுத்துக் கவர்ல போட்டுக் குடுத்துடு. மிச்சத்தைக் கழுவி விட்டுடு."

அரை மணியில் அவள் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சு செக்கச்செவேல் என்று ஈரமாக இருந்தது. ஏழு நாள் காய்ந்த கறை இவ்வளவு பளிச்சென்று வருகிறதே என்று கிச்சா ஒரு கணம் யோசித்தார். பிறகு, காய்ந்த சாயம் தண்ணீர் பட்டால் மறுபடி கரையத்தானே செய்யும் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டு திருப்தியடைந்தார்.

அன்றைக்கே எட்டுக் கவர்களையும் அவளிடமே கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். ஒவ்வொன்றிலும் பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. கூடவே, 'இது என் எச்சில்தான் என்று உறுதி கூறுகிறேன்' என்று ஒரு தாள், கையெழுத்துப் போட. கனவான்களுக்கு அது போதும். வேலு விஷயத்தில் மட்டும் சுவாமிநாதன் அதை ஒப்பவில்லை. இரண்டு சாட்சிகளை நிறுத்தி, டார்ச் அடித்து, வேலுவின் வாயிலிருந்து தன் கண்ணெதிரே எடுக்க வைத்தார்.

கிச்சா தன் பஞ்சைக் கன்னத்தில் முப்பது தடவை தேய்த்து, கவரில் போட்டு, கெடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்தார். மறுநாள் விடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மியின் குரல் கேட்டது.

"ஏன்னா, இதென்ன அக்கிரமம்? தயிருக்குப் பக்கத்துல எச்சிலைக் கொண்டு வெச்சிருக்கேளே?"

"அது எச்சில் இல்லடி. சாம்பிள்."

"யாரோடது?"

"என்னோடது."

"அப்போ எச்சில்தான்."

ஃபிரிட்ஜ் முழுக்கக் கழுவப்பட்டது. தயிர் சாக்கடைக்குப் போயிற்று. கவர் அன்று சாயங்காலம் குளியலறை ஜன்னலில் கிடைத்தது, அவர் ஒட்டியதைவிட நன்றாக ஒட்டப்பட்டு.

மற்ற வீடுகளில் இந்த மாதிரி ரகளை எதுவும் இல்லை. ஏழு கவரும் இரண்டே நாளில் கையெழுத்தோடு வந்து சேர்ந்தன. இவ்வளவு ஒத்துழைப்பைக் கிச்சா தன் சர்வீஸில் பார்த்ததில்லை. இந்தத் தேசத்து ஜனங்களைப் பற்றி நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று பத்திரிகைக்கு நாலாவது கடிதம் எழுதினார்.

அந்த வாரம் செண்பகத்துக்கு என்னவோ யோகம். ஒரு வீட்டில் பட்டுக்கரை போட்ட புடவை கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் அரைக் கிலோ காப்பிப் பொடி, சூடாமணி வீட்டில் ஒரு இட்லிக் குக்கர். இதற்கெல்லாம் சந்தோஷப்படாமல் அவள் இரண்டு நாளாக வாயைத் திறக்காமலே வேலை செய்தாள். கிச்சா விசாரித்தார்.

"பல்லு நோவு சார்," என்றாள், நாக்கு புரளாமல்.

மூன்று வாரம் கழித்து, மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாய்சரண் ஃபோன் செய்தான்.

"மாமா, சுவத்துல துப்பின ஆள் கெடச்சாச்சு."

"யாருடா?"

"எல்லாரும்."

கிச்சா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எட்டு வீடும் கறையோட பொருந்தறது மாமா. உங்களோடதும் சேத்து. ஒன்பதும் ஒரே அச்சு. பொருந்தாதது வேலு ஒருத்தனோடதுதான்."

"எட்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்குமாடா?"

"ரெட்டைப் பிள்ளைக்கு இருக்கும். எட்டுப் பிள்ளையா நீங்கள்ளாம்? என் எச்சில் ஏதாவது கலந்துடுத்தோன்னு என்னோடதையும் போட்டுப் பாத்துட்டேன். இல்லை. மெஷின் கரெக்டாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கிச்சா முடிவைப் படித்தார். செருப்பு பறக்கும் என்று எதிர்பார்த்தார். சூடாமணி கேஸ் போடுவாள் என்று பயந்தார்.

சுவாமிநாதன் கைத்தடியின் பூணை ஆராய்ந்தார். சூடாமணி ஒரு வடாத்தைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

"மெஷின்னா சில சமயம் அப்படித்தான்," என்றார் சுவாமிநாதன் கடைசியில்.

"அப்போ வேலு இல்லைன்னு சொன்னதும் தப்பா இருக்குமோ?" என்றார் கிச்சா.

"சே, சே. அது கண்ணுக்கு முன்னாடி எடுத்தது. அது கரெக்ட்."

"ஃபைலை மூடிடலாம் மாமா," என்றாள் சூடாமணி அவசரமாக. "வேலுவுக்கு அறையைக் குடுத்துடலாம். பாவம், அநியாயமாச் சந்தேகப்பட்டுட்டோம்."

எட்டுக் கைகளும் உயர்ந்தன. அந்தச் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

வேலு குடிவந்தான். சுவரில் அதற்குப் பிறகு கறையே இல்லை. எல்லோருக்கும் நிம்மதி, கிச்சாவைத் தவிர. மெஷினுக்குத் தப்பு வராது. மெஷின் அவர் துப்பினார் என்கிறது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஸ்ரீலக்ஷ்மி, எனக்குத் தெரியாம நான் வெத்தலை போடறேனா?"

அவள் அவசரமாகப் பூப்பறிக்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் யோசித்துக் கிச்சா தவறைக் கண்டுபிடித்தார். மாதிரிகள் போதவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்றது பிசகு. எல்லோரிடமும் எடுக்க வேண்டும், குழந்தை குட்டி உட்பட. முப்பத்திரண்டு கவர்கள் வாங்கி, முப்பத்திரண்டு பஞ்சுக் குச்சிகள் சுற்றி, ஒரு பெட்டியில் அடுக்கி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செண்பகத்தின் முன்னால் வைத்தார்.

"இந்தாம்மா, எல்லா ஆத்துலயும் குடுத்துடு. இந்தத் தடவை ஒருத்தரும் விட்டுப்போகப்படாது."

செண்பகம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"வாணாம் சார், போன தபா உங்க வூட்டோட எட்டு வூட்டுக்கும் நான் ஒருத்தியே வாயக் குடுத்து, செவுத்துப் பஞ்சுக்காகப் பயக்கமில்லாத வெத்தலைய வேற போட்டுத் துப்பி, சுண்ணாம்புல நாக்கு வெந்து பூட்ச்சி; அதான் எங்க வூட்டுக்காரரு இனிமே செவுத்துல துப்ப மாட்டேன்னு கபாலீஸ்வரர் மேல சத்தியம் பண்ணிக்கீறாரே, வுட்டுடுங்க."