அப்பீல் சார் எழுதாத அப்பீல்

தோற்றுப்போவதை இவ்வளவு பெரிய எழுத்து வேலையாக ஆக்கிய மனிதர் இந்தப் பெங்களூரில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தோற்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து சோஷியல் வாத்தியார் தோற்றால் பேனா மூடியைத் திறப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் அப்பீல் சார்தான்.

நான் கணக்கு மிஸ். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, பையன்கள் மட்டும் படிக்கிற அந்தப் பள்ளியில் மாட்டிக்கொண்டவள். அங்கே நாலு ஹவுஸ். சேருகிற அன்றே ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கலர் டி-ஷர்ட் கொடுத்து, மற்ற மூன்று கலரும் உன் எதிரி என்று சொல்லாமல் சொல்லிவிடுவார்கள். பேச்சுப்போட்டியிலிருந்து கயிறு இழுப்பது வரை எல்லாவற்றுக்கும் பாயின்ட். வருஷக் கடைசியில் ஸ்போர்ட்ஸ் டே அன்று ஒரு கப். பேரீச்சம்பழத்துக்குப் போட்டால்கூட வாங்குகிறவன் யோசிப்பான், அப்படி ஒரு கப். அதற்காக ஸ்டாஃப் ரூமில் வளர்ந்த மனுஷர்கள் நாலு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். வெட்கக்கேடு, வேறென்ன.

நான் நீல ஹவுஸுக்குப் பொறுப்பு. அவர் மஞ்சள் ஹவுஸ். பையன்கள் அதை மஞ்சள் காமாலை என்பார்கள். அவர் பொறுப்பேற்ற இருபத்திரண்டு வருஷத்தில் மஞ்சள் ஹவுஸ் ஒரு தடவைகூட அந்தக் கப்பைத் தொட்டதில்லை.

பள்ளி ஆரம்பித்த காலத்து ரூல் புக் ஒன்று லைப்ரரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு விதி. எந்தப் போட்டி முடிவையும் எதிர்த்து ஹவுஸ் மாஸ்டர் அப்பீல் செய்யலாம். ஆனால் எழுத்தில், பச்சை ஃபாரத்தில், முடிவு வந்த பதினைந்து நிமிஷத்துக்குள் கொடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் கிடந்த அந்த விதியை இவர் தோண்டி எடுத்தார். அன்றிலிருந்து சட்டைப் பையில் மூன்று பேனா. ஒன்று எழுத, ஒன்று அது மக்கர் பண்ணினால், மூன்றாவது பிரின்ஸிபால் கையெழுத்துப் போட.

பேச்சுப்போட்டியில் மஞ்சள் பையன் பேசும்போது நடுவர் இருமினார் என்று ஒரு அப்பீல். வகுப்பறைச் சுத்தப் போட்டியில் மஞ்சள் ஹவுஸ் ஜன்னலில் புறா எச்சம் இருந்தது என்று பாயின்ட் குறைத்தார்கள். மேற்படி புறா நீல ஹவுஸ் பக்கத்து சன்ஷேடில் குடியிருப்பது, ஆகவே அந்த எச்சம் எங்களைச் சேராது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் அன்று வீட்டுக்குப் போய்க்கூடத் திட்டினேன்.

கயிறு இழுக்கும் போட்டியில் தோற்றபோது, கிரவுண்டே ஒரு பக்கம் சரிவு என்றார். சும்மா சொல்லவில்லை. ஜோகுபாளையத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கி வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கிரவுண்டு முழுக்க வைத்துப் பார்த்தார். சரிவு இருந்தது வாஸ்தவம். ஆனால் மஞ்சள் ஹவுஸ்தான் பள்ளத்துப் பக்கம் நின்று இழுத்திருக்கிறது. அதாவது சாதகமான பக்கம் நின்றும் தோற்றிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிரின்ஸிபால் இவருக்காகவே 'ரிஜெக்டட்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். ஒரே ஒரு தடவைதான் அவருடைய அப்பீல் ஜெயித்தது. க்விஸ் போட்டியில் கூட்டல் தப்பாகி மஞ்சள் ஹவுஸுக்குப் பத்து பாயின்ட் அதிகம் விழுந்துவிட்டது. அது தப்பு, குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். உடனே குறைத்தார்கள். மஞ்சள் பையன்களின் அப்பா அம்மாக்கள் கேட் வாசலில் அவரை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. "ஸ்வல்ப யோசனை பண்ணுங்க சார், நம்மளுது இல்லாதது நமக்கு எதுக்கு" என்று ஒவ்வொருவரிடமும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். டீயோடு பேச எங்களுக்கும் ஒரு விஷயம் வேண்டுமே.

அவர் ரிடயர் ஆகிற வருஷம் அதிசயம் நடந்தது. ஸ்போர்ட்ஸ் டே அன்று கடைசிப் போட்டியான ரிலேவுக்கு முன்னால் மஞ்சளும் நீலமும் சமம். ரிலேயில் இந்த இரண்டில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கப். மனுஷன் மஞ்சள் சட்டை போட்டு, மனைவியையும் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

ரிலேயில் குச்சி கை மாறுகிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி வாங்கினால் அந்த டீம் அவுட். கோட்டருகே கொடியோடு நிற்க ஆள் பற்றாமல் ஹவுஸ் மாஸ்டர்களையே நிறுத்துவார்கள். தன் ஹவுஸ் ஓடும்போது அவர்களையே நடுவராக நிறுத்துவது நியாயமில்லை என்று அப்பீல் சார் மூன்று வருஷம் முன்பே எழுதியிருந்தார். ரிஜெக்டட். அன்று கோட்டருகே நின்றது நான்.

என் ஹவுஸில் கடைசியாக ஓடியவன் பள்ளி செக்ரட்டரியின் பேரன். பையன் ஆர்வக்கோளாறில் முன்னாலேயே ஓட ஆரம்பித்து, கோட்டைத் தாண்டி முழுசாக இரண்டு அடி போய்த்தான் குச்சியை வாங்கினான். என் கண்ணுக்கு முன்னால். சிவப்புக் கொடியைத் தூக்கினால் நீலம் அவுட், கப் மஞ்சளுக்கு. என் வேலையோ வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. அந்தக் கடிதம் செக்ரட்டரி மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. என் வீட்டுக்காரரை ஐ.டி. கம்பெனியில் வீட்டுக்கு அனுப்பி நாலு மாசம் ஆகியிருந்தது. இரண்டும் ஸ்டாஃப் ரூமுக்கே தெரிந்த விஷயம்.

வெள்ளைக் கொடியைத் தூக்கினேன்.

நீலம் முந்தியது. மஞ்சள் ஹவுஸ் பையன்கள் நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவரும் பார்த்திருந்தார். பச்சை ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குக் குறுக்கே நடந்து வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கம் முழு நியாயம் இருந்தது. பாதி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் கொடியைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். எதிர்த்து எழுதினால் முதலில் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவுட் என்று சொன்னால் வேலை போச்சு. இல்லை என்று சொன்னால் அத்தனை பையன்கள் முன்னால் பொய்க்காரி. அந்த இரண்டையும் அவர் அங்கே நின்றே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஃபாரத்தை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பிரின்ஸிபால் பழக்கதோஷத்தில் பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு மைக்கிலேயே கேட்டார்.

"என்ன சார், இன்னிக்கு அப்பீல் இல்லையா?"

"பேனால இங்க் இல்ல சார்."

கிரவுண்டே சிரித்தது. செக்ரட்டரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சட்டைப் பையில் மூன்று பேனாவும் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன். கப்பை வாங்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். வாங்கினேன். போட்டோவுக்குப் பல்லைக் காட்டினேன்.

மஞ்சள் பையன்கள் அவரை மன்னிக்கவில்லை. செக்ரட்டரிக்குப் பயந்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். பிரிவுபசாரத்துக்கு அந்த ஹவுஸிலிருந்து ஒரு பையன்கூட வரவில்லை. ஒரு சால்வை, ஆளுக்கு ஒரு சமோசா, மேஜை நடுவில் அலங்காரத்துக்கு அந்தக் கப். எவளுக்கோ தோன்றிய யோசனை. அவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து சமோசாவை நிதானமாகத் தின்றார். நான் என்னுடையதைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் வேலை புதுப்பிக்கப்பட்டது. பிறகு நிரந்தரமும் ஆனது. இப்போது அந்தக் கப் இருக்கிற கண்ணாடி அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. தினமும் தாண்டிப் போகிறேன். அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எழுதித் தொலைத்திருக்கலாம். என்னை இப்படிக் கடன்காரியாக்கி வைக்கச் சொல்லி அவரை யார் கேட்டது?

போன மாசம் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, சட்டைப் பையில் அதே மூன்று பேனா. ஆனேக்கல் பக்கம் மகன் வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறாராம். அங்கே கோலப்போட்டியில் அவர் மனைவிக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததை எதிர்த்து அசோசியேஷனுக்கு எழுதியிருக்கிறாராம். புள்ளி எண்ணிக்கையோடு விளக்கினார். நான் பாதியில் வெட்டினேன். இனியும் தள்ளிப்போட்டால் எப்போது சொல்வது?

"சார், அன்னிக்கு ரிலேல அவன் கோட்டைத் தாண்டித்தான் வாங்கினான். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வெள்ளைக் கொடி தூக்கினேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சே மிஸ்," என்றார். "இனிமே அப்பீல் எடுத்துக்க முடியாது. ரூல் ரூல்தான்."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் சில்லறை பாக்கிக்கு ஏதோ சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.